தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நாயோடு நடப்பது எப்படி

மதுரையில் 31 வருடம் தபால்காரனாக இருந்தேன். அனுப்பானடி, முனிச்சாலை, காமராசர் சாலை என்று ஊரின் கீழ்ப்பக்கம்தான் என் பீட், அதாவது நான் தபால் கொடுத்த வட்டம். அந்த 31 வருடத்தில் மூன்று நாய்கள் என்னைக் கடித்திருக்கின்றன. மூன்று தடவையும், பல் பதிவதற்கு அரை நிமிடம் முன்னால், வாசலில் நின்ற வீட்டுக்காரர் சொன்னது ஒரே வார்த்தை: "கடிக்காது, வாங்க."

முதல் கடி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில். அந்த வேதனையை இங்கே விவரிக்க மாட்டேன். ஆனால் அதிலிருந்து "கடிக்காது" என்ற சொல்லைக் கேட்டாலே என் வலது கெண்டைக்கால் தானாகப் பின்னால் போகும். இப்போது நானே ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு தினமும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறேன். எதிரே வருகிறவர்கள் "கடிக்குமாண்ணே?" என்று கேட்கிறார்கள். நான்கு வருடத்தில் ஒரு நாளும் அந்தப் பதிலை நான் சொன்னதில்லை. என்ன சொல்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். நம் ஊரில் நாயோடு வெளியே போவதில் முக்கால்வாசி சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. நாயைப் பழக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. நடக்க வருகிற மனிதர்களைப் பழக்க ஒரு வருடம் ஆனது.

என் நாயின் பெயர் மணி. மணியார்டரின் முதல் பாதி. தாய் சிப்பிப்பாறை என்கிற வேட்டை நாய்ச் சாதி, அப்பன் யாரென்று அனுப்பானடித் தெருவுக்குத்தான் தெரியும். ஒல்லி உடம்பு, நீளக் கால், கூரான மூஞ்சி. 2005 ஜனவரியில் எங்கள் தபால் துறை இந்திய நாய்களுக்கென்று நான்கு தபால்தலை வெளியிட்டது. இராஜபாளையம், முதோல், ராம்பூர், இமாலய ஆட்டு நாய். சிப்பிப்பாறைக்கு இடம் இல்லை. இதை நான் மணியிடம் சொன்னதில்லை.

ஏன் தெப்பக்குளம் என்று கேட்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. புல்தரை, ஊஞ்சல், சிமெண்ட் பெஞ்சு எல்லாம் உண்டு. முதல் வாரமே மணியோடு போனேன். வாசலில் பலகை: நாய்களுக்கு அனுமதி இல்லை. காவலுக்கு இருந்தவர் என் முகத்தைப் பார்த்து, "போஸ்ட்மேன் சார், நீங்க வேணா வாங்க" என்றார். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் புல்லில் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகின்றன. முன்னால் நாய் கொண்டுவந்தவர்கள் விட்டுவிட்டுப் போனதை நானே ஒருமுறை செருப்பில் சுமந்து வந்திருக்கிறேன். அந்தப் பலகையை எழுத வைத்தவர்கள் நாய் வளர்ப்பவர்கள்தான். உங்கள் பகுதிப் பூங்காவில் என்ன விதி என்று நாயில்லாமல் ஒருநாள் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். நாயோடு போய் வாசலில் நின்று வாதாடினால் அடுத்தவனுக்கும் சேர்த்துக் கதவை அடைப்பார்கள்.

அதனால் தெப்பக்குளம் என் பூங்கா ஆனது. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது என்பார்கள். தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார். என் பீட் காலத்தில் குளம் பெரும்பாலும் வறண்டு கிடக்கும். உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் தண்ணீர் நிரப்புவார்கள். இப்போது பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வருவதால் நடு மண்டபத்தைச் சுற்றி நீர் நிற்கிறது, காற்றில் குளிர்ச்சி இருக்கிறது. குளம் ஏறக்குறைய 305 மீட்டருக்கு 290 மீட்டர். ஒரு சுற்று வந்தால் 1.2 கிலோமீட்டர், சாலை ஓரமாக வந்தால் கொஞ்சம் கூடும். மணிக்கும் எனக்கும் இரண்டு சுற்று. புதிதாக வருகிற நாய்க்கு முதல் வாரம் ஒரு பக்கம் மட்டும் போதும். மூலை வரை போய், உட்கார்ந்து, வேடிக்கை பார்த்து, திரும்பி வந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இது கோயில் குளம். படிக்கட்டில் இறக்கக் கூடாது, தண்ணீரில் விடக் கூடாது, மாரியம்மன் கோயில் வாசலில் நாயோடு நின்று கும்பிடக் கூடாது. நான் எதிர்ப்பக்கத்தில் நின்றபடி கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவேன். ஆத்தாளுக்குத் தெரியும்.

கிளம்புவதற்கு முன்

குட்டி நாயைத் தெருவில் இறக்க அவசரப்படாதீர்கள். ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்குகிற தடுப்பூசிகள் முடிய நான்கு மாதம் ஆகிவிடும். அதுவரை பார்வோ என்கிற ரத்தக் கழிச்சல் நோய் மண்ணிலிருந்தே ஒட்டிக்கொள்ளும். தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சத்தங்களைக் கேட்க வையுங்கள். பஸ், ஹாரன், மேளம், எல்லாம். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில். அப்புறம் டாக்டர் சொல்கிற கணக்கில், வருடா வருடம். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். மழைக்குப் பின் சாலையோரம் தேங்குகிற தண்ணீரில் எலியின் மூத்திரம் கலந்திருக்கும், நாய்கள் அதைத்தான் தேடிப் போய்க் குடிக்கும். குடல்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஊசி அட்டையைப் படம் எடுத்து போனில் வைத்திருங்கள். யாராவது சத்தம் போட்டால், அந்தப் படம் பேசுகிற அளவுக்கு நாம் பேச முடியாது.

காலையில் சாப்பாடு போட்டுவிட்டுக் கூட்டிப் போகாதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு நிறைந்த வயிற்றோடு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்கிற ஆபத்து உண்டு. நடந்து வந்து, இளைப்பு அடங்கி, ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம்.

பெல்ட்

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். மணியின் தலை அவன் கழுத்தைவிடச் சிறியது. இந்தச் சாதி நாய்கள் எல்லாமே அப்படித்தான். நான் சாதாரண தோல் பெல்ட் போட்டு, சங்கிலி மாட்டி, பெருமையாகக் கூட்டிப் போனேன். ஒருநாள் காமராசர் சாலையில் ஒரு இறுதி ஊர்வலம் எதிரே வந்தது. பூவும் பறையும் பரவாயில்லை; பத்தடிக்கு ஒரு வெடி போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது வெடிக்கு மணி பின்னால் இழுத்தான், தலையைக் குனிந்தான், கையிலிருந்து வளையல் கழல்கிற மாதிரி பெல்ட் கழன்றது. என் கையில் சங்கிலியும் பெல்ட்டும், கண்ணெதிரே ஒரு பழுப்புக் கோடு. ஓட்டத்துக்கென்றே வளர்த்த நாயை 60 வயதுக்காரன் துரத்துவதை ஊர்வலத்தில் வந்தவர்களே நின்று பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அனுப்பானடியில் ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

அன்றைக்குக் கற்றது மூன்று. இழுத்தால் கொஞ்சம் இறுகி, விட்டால் தளர்கிற அகலமான துணி பெல்ட், அல்லது நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ். மெலிந்த நாய்க்கு ஹார்னஸ் வாங்கினால் முன்னங்காலுக்குப் பின்னால் மட்டும் இல்லாமல் விலா முடிகிற இடத்திலும் ஒரு பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியதும் வீட்டுக்குள்ளேயே சோதிக்க வேண்டும்: நாயின் எதிரே நின்று உங்கள் பக்கம் இழுங்கள், அது பின்வாங்கட்டும். கழன்றால் கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். மூன்றாவது, பெல்ட்டில் பெயரும் போன் நம்பரும். முகவரி இல்லாத தபால் எங்கே போய்ச் சேரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? 31 வருடம் ஊருக்கெல்லாம் முகவரி பார்த்துக் கொடுத்தவன், சொந்த நாயை முகவரி எழுதாமல் அனுப்பிவிட்டேன்.

இரும்புச் சங்கிலி வேண்டாம். கை வழுக்கினால் தோல் உரியும். ஐந்தடி நாடாக் கயிறு போதும். சுருள்வது, நீள்வது என்று விற்கிறார்களே, அது வெட்டவெளிக்குச் சரி. ஆட்டோ ஓடுகிற தெப்பக்குளத்துக்கு ஆகாது. கயிற்றின் வளையத்தை மணிக்கட்டில் மாட்டி உள்ளங்கையால் பிடியுங்கள். விரல்களைச் சுற்றிக் கட்டினால் இழுக்கிற இழுப்பில் விரல் முறியும். கயிற்றை அவிழ்த்து விடலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற நாய் இது. அணில் ஓடினால் காது கேட்காது, உங்கள் குரலும் கேட்காது.

நேரம்

ஐந்தே காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஆறரைக்குள் திரும்பிவிடுவேன். இதைச் சோம்பேறிகளுக்காகத் தளர்த்தச் சொல்லாதீர்கள். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் வியர்க்கும். மற்ற சூட்டை எல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிறபோது அந்த இளைப்பு போதாது. புறங்கையைச் சாலையில் ஏழு எண்ணும் வரை வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் காலாலும் முடியாது. சாயங்காலம் வெயில் தாழ்ந்துவிட்டது என்று நம்பி வந்துவிடாதீர்கள். கருங்கல்லும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் விடாது.

சாயங்காலம் எனக்கு வேறு காரணத்துக்காகவும் பிடிக்காது. கடைகள், ஐஸ்கிரீம் வண்டி, குடும்பத்தோடு வருகிறவர்கள், செல்ஃபி எடுக்கிறவர்கள். அது அவர்களுடைய நேரம். காலை ஐந்தரைக்கு வருகிற கூட்டம் தினமும் அதே முகங்கள்; பழக்கிவிட்டால் பழகியது பழகியதுதான்.

ஒருவேளை வெயிலில் மாட்டிக்கொண்டு, நாய் விடாமல் இளைத்து, எச்சில் கொழகொழவென்று ஒழுகி, ஈறு சிவந்து, கால் தள்ளாடினால், அதற்கு மேல் நடத்தாதீர்கள். நிழலில் படுக்க வைத்து வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனைய நனையத் தண்ணீர் ஊற்றி, துண்டை எடுத்து விசிறுங்கள். வாயில் வலுக்கட்டாயமாக ஊற்றக் கூடாது. நாயின் சாதாரண உடல் சூடே 38லிருந்து 39 டிகிரி இருக்கும். 41-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. கொஞ்சம் தெளிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வீடு.

தெரு நாய்கள்

நான்கு கரையும் நான்கு நாட்டாமை. ஒரு கூட்டத்துக்கு அந்த மூலை வரை, அடுத்த கூட்டத்துக்கு இந்த மின்கம்பம் வரை. தபால் கொடுத்த காலத்திலேயே இந்த எல்லைகள் எனக்கு மனப்பாடம். நாய் இல்லாமல் நான்கு நாள் சுற்றி வந்து, யார் எங்கே படுக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். முந்தின நாள் இரவு சாப்பாட்டுக் கடை போட்ட இடத்தில்தான் காலையில் கூட்டம் இருக்கும், எலும்பு கிடக்கும், சண்டையும் அங்கேதான். அந்த நீளத்தை மட்டும் நாங்கள் எதிர்ச்சாரியில் கடப்போம்.

தூரத்தில் நின்று குரைக்கிற நாயைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அது தன் வேலையைச் செய்கிறது. சத்தமே போடாமல், தலையைத் தாழ்த்தி, பின்பக்கமாக வருகிறதே, என்னை மூன்றில் இரண்டு தடவை கடித்தது அந்த ரகம். வால் ஆடுவதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். வால் கொடிக்கம்பு மாதிரி விறைத்து நின்று நுனி மட்டும் ஆடினால், பிடரி சிலிர்த்திருந்தால், அது வரவேற்பு கிடையாது. இடுப்போடு சேர்ந்து வால் தளர்வாக ஆடினால் சரி.

அப்படி ஒன்று வருகிறபோது செய்ய வேண்டியது: கயிற்றை வெடுக்கென்று இழுக்காதீர்கள். நம் பயம் கயிறு வழியாக நாய்க்குப் போய்விடும், அது முறைக்கும், வந்தது பாயும். நேராகப் போகாமல் அரைவட்டமாக விலகி, அதே வேகத்தில், அதன் கண்ணைப் பார்க்காமல் நடந்துகொண்டே இருங்கள். ஓடக் கூடாது. நாயைத் தூக்கவும் கூடாது. தூக்கினால் நீங்கள்தான் ஏணி. மிஞ்சிப் போனால் நின்று, திரும்பி, உங்கள் உடம்பை நடுவில் வைத்து, "போ" என்று ஒரே ஒரு தடவை அழுத்தமாகச் சொல்லுங்கள். நான் ஒரு பழைய குடை கொண்டுபோகிறேன். அடிப்பதற்கு இல்லை; பட்டென்று விரித்தால் போதும். பீட் காலத்தில் சைக்கிள் பை இருந்தது, இப்போது குடை.

கல் எடுக்கிற மாதிரி குனிந்தால் தெரு நாய் பின்வாங்கும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. தனியாகப் போகிறபோது நானும் செய்திருக்கிறேன். மணியோடு ஒருமுறை செய்தேன். வந்த நாய் ஓடவில்லை. மணி ஓடப் பார்த்தான். பாதி ரத்தம் தெரு ரத்தம், ஞாபகம் இருக்கும் போல.

காதில் ஒரு ஓரம் நறுக்கிய மாதிரி இருந்தால், அந்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநாய் ஊசியும் போட்டுத் திருப்பி விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் கரையில் அப்படி ஒரு கிழட்டு நாய் இருக்கிறது. முதல் மாதம் உறுமியது, இரண்டாம் மாதம் எழுந்து பார்த்தது, இப்போது படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து மூடுகிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் போனால் அதுவே அறிமுகக் கடிதம். மார்கழியை ஒட்டிய மாதங்களில் மட்டும் இந்த ஒப்பந்தம் எதுவும் செல்லாது. பெட்டை நாய் வளர்க்கிறவர்கள் அது பருவத்துக்கு வருகிற மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே நடத்துங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தும் உங்களையோ வேறு யாரையோ பல் பட்டுவிட்டால், கீறலாக இருந்தாலும், குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் கிட்டே வரக் கூடாது. நேராக அரசு ஆஸ்பத்திரி. என் மூன்றாவது கடிக்கு முதல் நாள், 3, 7, 14, 28 என்று கையில்தான் போட்டார்கள். கொசு கடித்த மாதிரி இருந்தது. ஊசி போட்ட வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

மனிதர்கள்

இப்போது அந்தப் பதில். "கடிக்குமாண்ணே?" என்று கேட்டால் நான் சொல்வது: "பிடிச்சிருக்கேன், நீங்க போங்க."

அவ்வளவுதான். கேட்கிறவருக்கு நாயின் குணம் தேவையில்லை. தான் பத்திரமாகக் கடந்து போக வேண்டும், அது ஒன்றுதான். "கடிக்காது" என்று சொல்லும்போது பொறுப்பை நாயின் தலையில் வைக்கிறோம். "பிடிச்சிருக்கேன்" என்று சொல்லும்போது நம் தலையில் எடுத்துக்கொள்கிறோம். சொல்கிறபடி செய்தும் காட்ட வேண்டும். பத்தடி முன்னாலேயே கயிற்றைச் சுருக்கி, மணியைக் குளத்துச் சுவர்ப் பக்கம் விட்டு, நடுவில் நான் நின்று, "உட்கார்" என்பேன். அவர்கள் போன பிறகுதான் நாங்கள் நகர்வோம். ஒரு சுற்றில் இருபது தடவை நிற்க வேண்டியிருக்கும். வாக்கிங் கெடுகிறதே என்றால், இந்த நிற்பதுதான் வாக்கிங். நாய்க்கும் அதுவே பயிற்சி: மனிதர் வந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் ஒரு துண்டு ஈரல் கிடைக்கும். இரண்டு மாதத்தில் நான் சொல்லாமலே உட்கார ஆரம்பித்தான்.

நாய் தொட்டால் குளித்துவிட்டுத்தான் சாமி கும்பிட வேண்டும், தொழ வேண்டும் என்று இருப்பவர்கள் உண்டு. வேட்டியில் மூக்கு பட்டாலே அவர்களுக்கு அந்தக் காலை வீண். அதைக் கேலி செய்யாதீர்கள். நான்கடி இடம் விட்டால் தீர்ந்தது. வேண்டுதலுக்கு வெறுங்காலோடு சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தரையைப் பார்த்து வருவதால் நம்மைக் கவனிக்க மாட்டார்கள். நாம்தான் ஒதுங்க வேண்டும். சின்ன வயதில் கடிபட்டவர்களை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். என் கெண்டைக்கால் மாதிரி அவர்களுக்கும் எங்கோ ஒரு பக்கம் பின்வாங்கும். அவர்களைப் பார்த்தால் நான் திரும்பி எதிர்த்திசையில் நடந்துவிடுவேன்.

குழந்தைகள் ஓடி வந்தால் இன்னும் கவனம். நாயின் தலைக்கு மேலே கையை நீட்டுவார்கள், அது எந்த நாய்க்கும் பிடிக்காது. "கையை மடக்கி மூக்குக்குக் கீழ காட்டு தம்பி, அவன் மோந்து பாக்கட்டும், அப்புறம் தாடையத் தடவு" என்பேன். மணி விலகினால், "அவனுக்கு இன்னைக்கு மனசில்ல" என்று முடித்துக்கொள்வேன். பெற்றோர் "தொடு, ஒண்ணும் செய்யாது" என்று தள்ளினால், நான் நாயைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.

எல்லோரும் பயப்படுகிறவர்கள் என்றும் நினைக்காதீர்கள். பூ விற்கிற ஒரு ஆத்தா மணியைப் பார்த்தால் கூடையை இறக்கி, "வாங்க பைரவரே" என்று கும்பிடுவார். மணி அவர் காலடியில் போய்ப் படுத்துக்கொள்வான். பைரவர் என்றதும் அவனுக்கு ஒரு மிதப்பு வருகிறது என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். பிஸ்கட் கொடுக்கிறவர்கள்தான் பெரிய தொல்லை. கோபித்துக்கொள்ளாத மாதிரி மறுக்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: "டாக்டர் நிறுத்தச் சொல்லிருக்காருண்ணே." நம் ஊரில் டாக்டர் பெயரைச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

அள்ளுவது

பழைய செய்தித்தாள் நான்காக மடித்தது இரண்டு, ஒரு கவர். நாய் சுற்றிச் சுற்றி வந்து இடம் பார்க்கும்போதே பேப்பரை நீட்டினால், பழகிய நாய் அதன் மேலேயே இருக்கும், இல்லையென்றால் அள்ளுங்கள். முதல் நாள் கூச்சமாக இருக்கும். நான்கு பேர் பார்ப்பார்கள். நன்றாகப் பார்க்கட்டும். மணியை இந்தக் கரைக்காரர்கள் ஏற்றுக்கொண்டது அவன் அழகுக்காக இல்லை, நான் குனிந்து அள்ளியதைப் பார்த்ததற்காக. மாட்டுச் சாணம் மாதிரி இது எருவாகிவிடும் என்று மண்ணில் தள்ளாதீர்கள். இதில் இருக்கிற கொக்கிப்புழு, மண்ணில் குஞ்சு பொரித்து, வெறுங்கால் தோல் வழியாக ஏறும். வெறுங்காலோடு ஊரே நடக்கிற இடம் இது. கட்டி எடுத்துப்போய்க் குப்பைத்தொட்டியில் போடுங்கள். காலைத் தூக்குவதற்கு மின்கம்பம் இருக்கிறது. நிறுத்தியிருக்கிற வண்டிச் சக்கரமும் பூக்கடைப் பலகையும் இல்லை.

நடந்து முடித்ததும் எனக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால். மணிக்கு நான் கொண்டுபோகிற பாட்டில் தண்ணீர், ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில். வெல்லமும் சுக்கும் மணக்கிற பருத்திப்பாலை அவன் பார்க்கிற பார்வைக்கு மனம் இளகக் கூடாது. தரையில் கிடக்கிற வெந்த கோழி எலும்பு இன்னும் ஆபத்து. ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். "விடு" என்ற சொல்லை வீட்டில் நூறு தடவை பழக்கிவிட்டு வெளியே வாருங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் எதுவும் கூடாது. பிரசாதப் பொங்கலில் உலர்திராட்சை இருக்கும், பொறுக்கிவிட்டுக் கொடுக்கிறேன் என்ற சாமர்த்தியமும் வேண்டாம்.

தை மாதம் தெப்பத் திருவிழா நாட்கள், பங்குனியில் மாரியம்மன் கோயில் திருவிழா, சித்திரையில் அழகர் வண்டியூருக்கு வருகிற நாள், தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள்: இந்தப் பக்கமே நாயோடு வராதீர்கள். செவ்வாய், வெள்ளி கோயில் பக்கத்தைத் தவிர்த்துவிட்டு மூன்று கரை மட்டும்.

அந்த மாதிரி நாட்களில் விடிவதற்குள் ஒரு தெரிந்தவரின் லோடு ஆட்டோவில் மணியை ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடி போவேன். சமணர் மலை அடிவாரம், அய்யனார் கோயில், தாமரைக் குளம், விழுதிறங்கிய ஆலமரங்கள். சிற்பங்கள் இருக்கிற மலைக்கு மேலே நாயை ஏற்றுவதில்லை. மண்பாதையில் மட்டும் நடப்போம். அங்கே மனிதர் தொல்லை குறைவு, ஆடும் மயிலும் அதிகம். கயிறு கையை விட்டுப் போனால் ஆட்டுக்காரரிடம் விலை பேச வேண்டி வரும். நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் உண்டு. நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் முள்தான். விரல் இடுக்கில் பாருங்கள், சின்ன இடுக்கியால் எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

வீடு திரும்பியதும்

வாசலிலேயே நான்கு காலையும் துடைத்துவிட்டு, கால்மணி நேரம் உண்ணி பார்ப்பேன். காதுக்குள், காது மடிப்பில், கழுத்துப் பெல்ட்டுக்கு அடியில், கால்விரல் இடுக்கில், வாலுக்குக் கீழே. மழைக்குப் பிந்தைய மாதங்களில் கூடுதலாக இருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பிடாது, ஈறு வெளுக்கும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். காத்திருக்காமல் ஊசிக்குப் போங்கள். கடித்துப் பிடித்திருக்கிற உண்ணியைத் தீக்குச்சியால் சுடாதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுங்கள். விரலால் நசுக்கவும் கூடாது. ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் வைத்து அதில் போடுங்கள்.

அந்த டப்பாவைத் தனியாக வையுங்கள். நான் அவசரத்துக்கு எடுத்தது ஊறுகாய் டப்பா. மூடியும் போட்டு, திண்ணையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். வீட்டுக்காரி எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டாள். மத்தியானம் தயிர் சாதத்துக்கு உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.